மாசியில் சுரந்த பால்

அகல் விளக்குகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பூர்ணிமாவின் ரவிக்கை முதன்முதலாக நனைந்தது. வியர்வை என்று நினைத்தாள். மாசி மாதம்தான், வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனால் சூளையை ஒட்டிய கொட்டகையில் வேலை பார்ப்பவர்களுக்கு மாசி என்ன, மார்கழி என்ன. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். மத்தியானம் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தபோது அது வியர்வை இல்லை. விரலால் தொட்டாள். வெள்ளையாக இருந்தது. இரண்டு விரலுக்கும் நடுவில் லேசாகப் பிசுபிசுத்தது.

பால்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. குழந்தை கிடையாது. தாழ்ப்பாளைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். வெளியில் வீரம்மாள் கூப்பிட்டாள். அவளோடு பெட்டி கட்டுகிறவள், பத்து வயது மூத்தவள்.

"ஏ பூர்ணிமா, சோறு ஆறிப்போவுது. உள்ளயே குடித்தனம் பண்றியா?"

"தோ வரங்கா."

குரல் நடுங்கவில்லை. கைதான் நடுங்கியது. அது எப்போதும் நடுங்குகிற கைதான். மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து ஆறு வருஷமாக நடுங்குகிறது.

அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பழைய கை ஞாபகம் வரும். இருபத்தொரு வயதில், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் நின்றபடியே வந்து, விருத்தாசலத்தில் ராஜமாணிக்கம் முதலாளியின் பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தவள் அவள். களிமண் குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். கெட்டியானதும் அச்சைப் பிரித்து பொம்மையை எடுத்துக் காயவைத்து, சூளையில் சுடுவார்கள். முதல் மாதம் முழுக்க அவளுக்கு அச்சு துடைக்கிற வேலை. ஒருநாள் கண் எழுதுகிற பெண் வரவில்லை. லாரி வாசலில் நிற்கிறது. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, "நான் எழுதட்டுங்களா?" என்று கேட்டாள். தவழ்கிற கிருஷ்ணன் பொம்மை ஒன்றைக் கொடுத்தார். மேலிமை ஒரு இழுப்பு, கீழிமை ஒரு இழுப்பு, நடுவில் ஒரு புள்ளி. மூச்சை விடாமல் எழுதிவிட்டு நிமிர்ந்தாள். பொம்மை அவளைப் பார்த்தது. முதலாளி பலகையில் மிச்சமிருந்த அத்தனை பொம்மைகளையும் அவள் பக்கம் தள்ளினார்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் அந்த பெஞ்சு அவளுடையது. ஒரு நாளைக்கு இருநூறு பொம்மைகளுக்குப் பார்வை கொடுத்தாள்.

சூளையிலிருந்து பொம்மைப் பலகையைத் தோளில் சுமந்து வருகிறவன் பெயர் கொளஞ்சிநாதன். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பீடி, பற்ற வைத்து யாரும் பார்த்ததில்லை. பலகையை இறக்கும்போது ஒவ்வொரு பொம்மையையும் அவள் பக்கம் முகம் திருப்பி வைத்துவிட்டுப் போவான். ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்.

"ஏன் எல்லாத்தயும் இப்பிடித் திருப்பி வைக்கிறீங்க?"

"இதுங்களுக்குக் கண்ணே இல்ல, இதுங்களே உன்னப் பாக்குது. கண்ணு இருக்கிற நான் பாத்தா தப்பா?"

அன்றைக்கு எழுதிய கண்களில் பாதி கோணலாகிப்போனது. சோறு தின்னும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, தானாகச் சிரித்துக்கொண்டாள். அந்த நாட்களில் அவளுக்கு நாற்பத்தெட்டு கிலோ எடை. மழை வந்தால் கம்பெனி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடுவாள். கொளஞ்சி பின்னால் ஓடிவந்து பிடிக்க முடியாமல் மூச்சு வாங்குவான். அந்த ஓட்டம் இப்போதும் அவளுக்குக் கனவில் வரும். கனவில்கூடப் பாதியில் கால் கனத்துவிடும்.

கொளஞ்சியோடு கல்யாணமாகி நாலாவது வருஷம் கர்ப்பமானாள். அஞ்சாம் மாசம் அது தங்கவில்லை. அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள்தான் அந்தக் குரல் வந்தது. ஒரு பெண் குழந்தையின் குரல். காயவைத்திருந்த அச்சுகளுக்குள்ளிருந்து கூப்பிடும். "அம்மா, தொறந்து வுடு." முதலில் அது அவளுக்குப் பயமாகவே இல்லை. தொலைந்துபோன பொருள் வீட்டுக்குள்ளேயே கிடைத்த மாதிரி ஒரு நிம்மதி. பிறகு குரல் அழத் தொடங்கியது. மூச்சு முட்டுகிறது என்றது. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. ஒரு சனிக்கிழமை சுத்தியலை எடுத்து, அலமாரியில் இருந்த அச்சுகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். நாலு பேர் சேர்ந்து பிடிக்கவேண்டியிருந்தது. பிளாஸ்டர் தூளில் முகமெல்லாம் வெளுத்து, "உள்ள என் புள்ள இருக்குது, உள்ள என் புள்ள இருக்குது" என்று அவள் கத்தியது தெருவரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் இருந்தாள். வெளியே வந்தபோது குரல் இல்லை. ராஜமாணிக்கம் முதலாளி உடைந்த அச்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பெட்டி கட்டுற வேலைய பாரும்மா, மெல்ல பாத்துக்கலாம்" என்றார். கொளஞ்சி சூளை வேலையை விட்டுவிட்டு ஆட்டோ வாங்கினான். அவள் கூப்பிட்டால் எந்நேரமும் வர முடியும் என்பதற்காக.

மாத்திரை குரலைக் கொண்டுபோனது. கூடவே வேறு பலதையும் கொண்டுபோனது. உடம்பு எண்பது கிலோவைத் தாண்டியது. காலையில் எழுந்தால் தலையணை எச்சிலில் நனைந்திருக்கும். கொளஞ்சி பார்ப்பதற்குள் திருப்பிப் போட்டுவிடுவாள். நாக்கு தடித்துப்போன மாதிரி வார்த்தைகள் வழுக்கின. எதிலும் ஒரு மந்தம். பஞ்சு மூட்டைக்குள் உட்கார்ந்து உலகத்தைப் பார்ப்பதுபோல இருக்கும். ஒருமுறை, யாரும் இல்லாதபோது, கண் எழுதும் தூரிகையை எடுத்துப் பார்த்தாள். இமை கோடாக வரவில்லை. மண்புழுபோல நெளிந்தது. துணியில் துடைத்து, பொம்மையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் பார்த்து, "நல்லா சதை போட்டுட்ட, ஊட்டுக்காரரு நல்லா கவனிக்கிறாரு போல" என்பார்கள். அவள் சிரித்து வைப்பாள். போன ஆடி மாசம் மறுபடி லேசாக முணுமுணுப்பு கேட்கிறது என்று சொன்னபோது மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். முணுமுணுப்பு நின்றது. வீட்டுக்கு விலக்காவதும் அதோடு நின்றது.

கழிப்பறையில் நின்றபடி அவள் விரல் விட்டு எண்ணினாள். ஆடியிலிருந்து தை வரைக்கும் ஏழு மாசம். வயிறும் பெரிதாகத்தான் இருக்கிறது. இப்போது பால். எந்தப் பெண்ணாக இருந்தாலும் இதற்கு வேறு என்ன அர்த்தம் வைத்துக்கொள்வாள்?

யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் பரிசோதனைக் குச்சி விற்கிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இரண்டு தடவை கடை வாசல் வரைக்கும் போனாள். அந்த ஒற்றைக் கோட்டை அவள் முன்பு எத்தனையோ மாதம் பார்த்திருக்கிறாள். இன்னொரு தடவை பார்க்கத் தெம்பில்லாமல் திரும்பிவிட்டாள்.

ஒன்று மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. புதுச்சேரியில் ஒரு நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்: இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பமானால் உடனே வந்து சொல்லவேண்டும். சொன்னால் என்ன செய்வார்கள்? கலைக்கச் சொன்னால்? பூர்ணிமா தானே ஒரு முடிவுக்கு வந்தாள். அன்று சாப்பிட்ட பிறகு கொளஞ்சி வழக்கம்போல மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தான். நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய்த் துப்பினாள். ஒரு தாய் செய்யவேண்டியதைச் செய்ததாகத்தான் நினைத்தாள்.

முதல் வாரத்தில் நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. பஞ்சு மூட்டை பிரிந்தது. காலையில் அலாரம் இல்லாமல் கண் விழித்தாள். காக்கா கரைவது கூர்மையாகக் கேட்டது. காபியில் கசப்புக்கு அடியில் ஒரு இனிப்பு இருப்பது ஆறு வருஷத்துக்குப் பிறகு தெரிந்தது. வாசலில் கோலம் போட்டாள். இழை அறுபடாமல் வந்தது. கொளஞ்சி பல் தேய்த்தபடி வந்து அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"என்னா பூர்ணி, கை நடுங்கல?"

"கொஞ்சம் பரவாயில்லங்க."

கம்பெனியில் கண் எழுதும் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு பொம்மை, பிறகு ஒரு பலகை. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அன்று சாயங்காலம் கொளஞ்சி வீட்டுக்கு வந்தபோது அவன் கையில் மல்லிகைப்பூவும், பாலக்கரையில் வாங்கிய சூடான போண்டாவும் இருந்தன. ரொம்ப நாளைக்கு அப்புறம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அவன் பலகை தூக்கிய காலத்துக் கதைகளை அவள் சொல்லச் சொல்ல அவனுக்குப் புரையேறியது.

"என் பழைய பூர்ணி வந்துட்டா," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வாரம் தூக்கம் குறைந்தது. மாசி மகத்துக்கு ஊரே பழமலைநாதர் கோயிலுக்கும் மணிமுத்தாற்றுக்குமாகத் திரண்டிருந்த அன்று, கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில் யாரோ மெல்லக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். பலூன் கேட்டு அழுகிற ஏதோ ஒரு குழந்தை. அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் மார்பு கசிந்தது.

இரண்டு நாள் கழித்து, கம்பெனியில் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பூர்ணிமா தூரிகை கழுவத் தண்ணீர் எடுக்க அச்சு அறைக்குள் போனாள். கொஞ்சநேரத்துக்கு முன்னால்தான் களிமண் ஊற்றியிருந்தார்கள். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிய அச்சுகள் வரிசை வரிசையாக அலமாரியில் நின்றன.

"அம்மா."

வாளியை வைத்துவிட்டு நின்றாள். அதே குரல். ஆறு வருஷத்தில் கொஞ்சமும் வளராத, அதே குரல். அவளுக்குப் பயம் வரவில்லை. அதை எவ்வளவு தேடியிருக்கிறோம் என்று அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. மாத்திரை போட்ட முதல் வருஷம், வீடு இப்படி அமைதியாக இருக்கிறதே என்று குமுறிக் குமுறி அழுததும், "குரல் போயிடுச்சேன்னு யாராச்சும் அழுவாங்களா?" என்று நினைத்து யாரிடமும் சொல்லாததும் ஞாபகம் வந்தது.

"அம்மா, தொறந்து வுடு."

மேல் தட்டில் மூன்றாவது அச்சு. மேஜையிலிருந்த கத்தியை எடுத்து டியூப் கட்டை அறுத்தாள். அச்சு இரண்டாகப் பிளந்தது. இன்னும் இறுகாத களிமண் சாம்பல் நிறத்தில் வழிந்து அவள் பாதத்தில் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை.

"இங்கம்மா," என்றது பக்கத்து அச்சு.

கத்தி அதன் கட்டில் பட்ட அதே நேரம், கீழ்த்தட்டிலிருந்தும் குரல் வந்தது. பிறகு எதிர்த்தட்டிலிருந்து. பிறகு ஒவ்வொரு அச்சும், அலமாரி முழுக்க, ஒரே குரலில், ஒரே அழுகையில், அம்மா அம்மா என்றது.

பூர்ணிமா கத்தியைப் பிடித்தபடி நடு அறையில் நின்றாள். எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள்? இவர்கள் எல்லோரும் யார்? அவள் வயிற்றில் அஞ்சு மாசம் இருந்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் துணி சுற்றி எடுத்துப்போனதும் அந்த ஒன்றைத்தான்.

"எனக்கு ஒன்னுதான்," என்று வாய்விட்டுச் சொன்னாள். "எனக்கு ஒன்னுதான். அது போயிடுச்சி."

குரல்கள் நிற்கவில்லை. ஆனாலும் சொன்னது அவள் காதில் விழுந்தது. அது அவளுடைய சொந்தக் குரல். அதைப் பிடித்துக்கொண்டு கத்தியைக் கீழே போட்டாள். கதவு வரைக்கும் நடந்து, வெளியே பார்த்துக் கூப்பிட்டாள்.

"அக்கா! வீரம்மாக்கா! வந்து என் கையப் புடிச்சிக்க. வுட்டுடாத."

வீரம்மாள் டீ கிளாஸை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். வழிந்த களிமண்ணையும் கீழே கிடந்த கத்தியையும் பார்த்தாள். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, தரையில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் ரவிக்கையில் இருந்த ஈரம் அவள் கண்ணில் பட்டது.

"இது என்னாடி?"

பூர்ணிமா சொன்னாள். எல்லாவற்றையும்.

கொளஞ்சி பத்து நிமிஷத்தில் ஆட்டோவோடு வந்தான். மாத்திரையைத் துப்பியது தெரிந்ததும் அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கை நடுங்கலன்னதும் நான் யோசிச்சிருக்கணும். சந்தோஷப்பட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டர் வருகிற நாள். புதிதாக வந்திருந்த பெண் டாக்டர். பூர்ணிமா குரல் வந்ததைச் சொன்னாள். மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னாள். எதற்காக நிறுத்தினாள் என்று கேட்டபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் கொளஞ்சியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"மென்சஸ் சரியா வருதாம்மா?"

"இல்லங்க. ஏழெட்டு மாசமா."

"மார்ல பால் மாதிரி கசியுதா?"

பூர்ணிமா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"இந்த மாத்திரை சில பேருக்கு அப்படிப் பண்ணும். பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை ஏத்தி விட்டுடும். உங்களுக்கு மட்டும் வந்தது இல்லம்மா. இதே ரூம்ல நிறைய பேர் இதைச் சொல்ல முடியாம உக்காந்திருந்திருக்காங்க. எதுக்கும் கர்ப்பம் இருக்கான்னு ஒரு டெஸ்ட் பாத்துடலாம், ரத்தமும் எடுத்துடலாம்."

குச்சியில் ஒற்றைக் கோடுதான் வந்தது. டாக்டர் அதைச் சொன்னபோது பூர்ணிமா ஓசையில்லாமல் அழுதாள். அந்த அழுகையில் என்னென்ன இருந்தது என்று அவளாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. குழந்தை இல்லை என்ற துக்கம் இருந்தது. மூன்று வாரமாக ஒளித்து வைத்திருந்த ஒன்றுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்ற ஆறுதலும் இருந்தது. டாக்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"மாத்திரைய மாத்தலாம்," என்றார் பிறகு. "ஒரேயடியா இல்ல. பழையது வேண்டாம், வேற ஒண்ணக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். புதுசுலயும் ஏதாவது தொந்தரவு வரலாம். வந்தா நீங்களே நிறுத்தக்கூடாது. என்கிட்ட வந்து சண்டை போடுங்க. சரியா?"

பங்குனியும் சித்திரையும் சுலபமாகப் போகவில்லை. புது மாத்திரையில் காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு பரபரப்பு. உட்கார்ந்தால் நிற்கச் சொல்லும், நின்றால் நடக்கச் சொல்லும். வீரம்மாள் அவளோடு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். "ரெண்டு பேருமே இளைச்சிடுவம் போலருக்குது" என்று சிரித்தாள். டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அளவைக் குறைத்து, இன்னொரு சின்ன மாத்திரை சேர்த்தார். பரபரப்பு அடங்கியது. குரல்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. கடைசியாகப் போனது மேல் தட்டு மூன்றாவது அச்சிலிருந்த குரல். அது போன அன்று பூர்ணிமா யாருக்கும் தெரியாமல் அந்த அச்சைக் கையால் தடவிக் கொடுத்துவிட்டு வந்தாள். பால் வற்றியது. வைகாசி பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு விலக்கானாள். கொளஞ்சியிடம் சொன்னபோது, வயசுக்கு வந்த பெண்ணுக்குச் செய்கிற மாதிரி உளுந்தங்களி கிண்டித் தருகிறேன் என்று அடுப்படிக்குப் போய், அடி பிடிக்க வைத்தான்.

கை முழுசாகச் சரியாகவில்லை. கண் எழுத முடியவில்லை. கிருஷ்ணன் தலையின் மயிற்பீலிக்குப் பச்சை அடிக்க முடிந்தது. முதலாளி அதைக் கொடுத்தார். உடம்பில் மூன்று கிலோ குறைந்திருந்தது. மூன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஆட்டோவில் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். வழியில் ஒரு புளியமரத்தடியில் நுங்கு விற்றார்கள். கொளஞ்சி ஆட்டோவை ஓரம் கட்டினான். இரண்டு பேரும் பின்சீட்டில் உட்கார்ந்து, கட்டைவிரலால் நுங்கைத் தோண்டித் தின்றார்கள். காற்று நன்றாக வீசியது.

"ஏங்க, ஒன்னு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"அது கூப்புடாம இருக்கிறது எனக்கு ஒரு மாதிரி இருக்குது. மாத்திரைய நிறுத்த மாட்டன், பயப்படாதீங்க. ஆனா தேடுது."

அவன் நுங்குத் தோலைத் தூர எறிந்தான்.

"எனக்குந்தான் தேடுது. எனக்குக் குரலுகூடக் கேட்டது இல்ல."

பூர்ணிமா அவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவன் இதைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. நோய் அவளுடையது, துக்கமும் அவளுடையது என்றே இருந்துவிட்டார்கள்.

"அதுக்கு நான் பேரு வச்சிருந்தன்," என்றாள். "வெண்பா."

"நானும் வச்சிருந்தன். அஞ்சாம் மாசம். பாரின்னு."

"ஆம்பளப் புள்ளன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"பொம்பளப் புள்ளன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அதான் சொல்லுச்சே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். கையிலிருந்த நுங்கு நழுவி மடியில் விழ, புடவையெல்லாம் நனைய, அவள் சிரித்துக்கொண்டேயிருந்தாள். நுங்கு விற்கிறவள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வெட்டுங்க," என்றான் கொளஞ்சி.